வராத பேருந்தும் பதினான்கு கோபுரங்களும்

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவரை இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும், "ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூணையும் எட்டு நாள்ல முடிச்சிடு" என்று அலுவலகத்தில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். முடித்துவிடலாம். அதற்குள் அம்மாவின் முழங்காலும் முடிந்துவிடும். அதனால் ஃப்ளாரன்ஸில் மூன்று இரவு தங்கிவிட்டு, மிச்ச நான்கு இரவுக்கும் சான் ஜிமிஞானோ என்ற சின்ன ஊரில் அறை எடுத்தேன். டஸ்கனிப் பகுதியில், குன்றின் மேல் மதில் சுவருக்குள் இருக்கும் ஊர். சுற்று வட்டாரத்தையும் சேர்த்தே ஏழாயிரத்துச் சொச்சம் பேர்தான்.

வழக்கமாக இந்த ஊரை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. ஃப்ளாரன்ஸில் காலையில் பேருந்தில் ஏற்றி, மதியம் வரை சியெனா என்ற பெரிய ஊர், மாலையில் ஒன்றரை மணி நேரம் சான் ஜிமிஞானோ, ராத்திரி திரும்ப ஃப்ளாரன்ஸ் என்று ஒரே நாளில் காட்டிவிடுவார்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். சின்ன ஊரில் தங்கி, அங்கிருந்து சியெனாவுக்குப் போய் வந்தோம். இதில் என் புத்திசாலித்தனம் பாதிதான். மீதி, நான் செய்த ஒரு முட்டாள்தனத்தால் அமைந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஃப்ளாரன்ஸிலிருந்து பொஜ்ஜிபோன்சி வரை ரயில், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நிலையப் பலகையில் 'பொஜ்ஜிபோன்சி - சான் ஜிமிஞானோ' என்று சேர்த்தே எழுதியிருக்கும். அதை நம்பி இறங்கி நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊர் அங்கிருந்து 11 கிலோமீட்டர், அதுவும் மேடு. நிலையத்துக்கு வெளியே 130 என்ற எண் போட்ட பேருந்து நிற்கும், அரை மணிக்குள் கொண்டுபோய் விடும். காகித ரயில் டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கைபேசியில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட் என்றால் 'செக்-இன்' செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று சும்மா உட்கார்ந்தால் பரிசோதகரிடம் அபராதம்தான். எங்கள் பெட்டியிலேயே ஒரு கொரியத் தம்பதி மாட்டிக்கொண்டு விழித்தார்கள்.

பேருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும்போது, ஒரு திருப்பத்தில் கோபுரங்கள் தெரிந்தன. சன்னல் இல்லாத, சதுரமான, மொட்டைக் கல் கோபுரங்கள். அம்மா முதலில் கேட்டது, "தண்ணித் தொட்டியா?"

வீடுகள். அதாவது, பணக்கார வீடுகளின் பவிசு. ரோமுக்கு யாத்திரை போகிறவர்கள் நடந்த பழைய பாதை இந்த ஊர் வழியாகத்தான் போனது. அதனால் வியாபாரம் கொழித்தது. குங்குமப்பூவும் ஒயினும் விற்றுச் சம்பாதித்த குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு கோபுரம் எழுப்பின. 72 இருந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கு மிஞ்சியது 14. ஒரு கட்டத்தில் நகராட்சிக் கோபுரத்தை மிஞ்சி யாரும் கட்டக் கூடாது என்று சட்டம் போடும் அளவுக்குப் போயிருக்கிறது.

ஊருக்குள் வெளியூர்க் கார் போகாது. சான் ஜோவான்னி வாசலில் இறங்கி நடக்க வேண்டும். தெரு முழுக்கக் கல் பாவியது, ஏற்றம் வேறு. பெட்டிச் சக்கரம் போடும் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அறை பதிவு செய்யும்போது நான் கேட்ட கேள்விகளில் உருப்படியானவை இரண்டு. வாசலிலிருந்து எத்தனை மீட்டர்? எத்தனை படி? 'மையப் பகுதியில்' என்று போட்டிருக்கும் படங்களை நம்பக் கூடாது. எழுநூறு வருட வீட்டில் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி ஏணி மாதிரி இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது தரைத்தளத்து அறை, சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காட்சி எதுவும் இல்லை. அம்மாவுக்கு அதுதான் வசதி. வீட்டுக்காரம்மா அண்ணன் மகனை அனுப்பிப் பெட்டிகளைத் தூக்க வைத்தார். தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சி வரி ஒன்று உண்டு, அறை வாடகையில் சேராது. சில்லறையாக வைத்துக்கொள்வது நல்லது.

சரி, முட்டாள்தனத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மறுநாளே சியெனா என்பது என் திட்டம். பெரிய ஊரை முதலில் முடித்துவிட்டால் நிம்மதி என்ற நினைப்பு. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் இரண்டு பிரிவு: 'ஃபெரியாலே', 'ஃபெஸ்தீவோ'. ஃபெரியாலே என்றால் விடுமுறை நாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஊர் ஊராக நடக்கும் 'ஃபியெரா' திருவிழாச் சந்தை என் காதில் விழுந்திருந்ததால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரியாலே வரிசையைப் பார்த்து, நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே அம்மாவை உட்கார வைத்தேன். பேருந்து வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. பனி விலகி, கீழே பள்ளத்தாக்கு தெரிய ஆரம்பித்தது. தொப்பி போட்ட ஒரு தாத்தா நாயோடு வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அட்டவணையை நான் எடுத்து வைத்திருந்த புகைப்படத்தை எட்டிப் பார்த்தார். விரலால் ஃபெரியாலேவைத் தட்டி, மண்வெட்டியால் வெட்டுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். பிறகு ஃபெஸ்தீவோவைத் தட்டி, இரண்டு கையையும் கோத்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோல் காட்டினார்.

ஃபெரியாலே என்றால் வேலை நாள், திங்கள் முதல் சனி வரை. ஃபெஸ்தீவோதான் ஞாயிறும் பண்டிகையும். அதில் வண்டிகள் குறைவு. இன்னொரு வார்த்தையும் தெரிந்துகொண்டேன்: 'ஸ்கொலாஸ்திகோ'. பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும் ஓடும் வண்டி. இந்த மூன்று வார்த்தையும் தெரியாமல் இத்தாலியச் சின்ன ஊரில் பேருந்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

"விடு, இன்னைக்கு இங்கயே இருப்போம்" என்றார் அம்மா. "நேத்து ராத்திரி வந்தோம், காலையில கிளம்பிட்டோம்னா இந்த ஊரை எப்பப் பாக்குறது?"

அப்படித்தான் சின்ன ஊரை முதலில் பார்த்தோம். அது எவ்வளவு நல்லதாயிற்று என்பது சியெனா போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஊரின் நடுவில் கிணற்றுச் சதுக்கம். பெயர்தான் சதுக்கம், வடிவம் முக்கோணம். நடுவில் எண்கோண மேடையில் ஒரு கிணறு, 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எல்லோரும் அதன் படியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அம்மா கிணற்றின் கல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள், விரல் புதையும் ஆழம். ராட்டினம் இல்லாமல் கையாலேயே இழுத்திருப்பார்களோ என்று அவருக்குச் சந்தேகம். வந்தவாசிப் பக்கம் தன் பாட்டி வீட்டுக் கிணற்றில் இப்படி ஒரு தடம் இருந்ததாகச் சொன்னார். அந்தப் பள்ளம் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டே கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வாசலில் வாங்கிய வழிகாட்டிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பதினோரு மணிக்கு மேல் ஊர் நிரம்பியது. குழுக் குழுவாகக் கொடி பிடித்துக்கொண்டு வருகிறார்கள், தெருவில் தோள் இடிக்கிறது. நாங்கள் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டோம். ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஊரே மாறியிருந்தது. பேருந்துகள் கிளம்பிவிட்டன. உள்ளூர்க்காரர்கள் கதவைத் திறந்து வெளியே வந்து, சும்மா, எந்த வேலையும் இல்லாமல், மேலும் கீழும் நடக்கிறார்கள். ஐஸ்கிரீமில் பேர்போன தொந்தோலி கடையில் மதியம் பார்த்த வரிசையைச் சொல்லி மாளாது, இப்போது நான்கைந்து பேர்தான். குங்குமப்பூவும் பைன் கொட்டையும் போட்ட ஒரு வகை அங்கே உண்டு, 'சாந்தா ஃபீனா' பெயரில். வாங்குங்கள். அம்மா கேசரி மாதிரி இருக்கிறது என்றார், பாராட்டாகத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கும் அதே அமைதி. கடைகளுக்குச் சரக்கு இறக்கும் மூன்று சக்கர வண்டிகள் மட்டும் சந்துகளில் புகுந்து புறப்பட்டன. "நம்ம ஊர் ஆட்டோ!" என்று அம்மா கூவிவிட்டார். உண்மையிலேயே அதேதான். பியாஜியோ நிறுவனத்தின் தலைமை ஆலை இதே டஸ்கனியில், பொந்தெதேரா என்ற ஊரில் இருக்கிறது. 1948-லிருந்து அவர்கள் செய்துவரும் இந்த வண்டிக்கு 'ஆப்பே' என்று பெயர், தேனீ என்று பொருள். அவர்களுடைய ஸ்கூட்டர் 'வெஸ்பா' என்றால் குளவி. நம்மூரில் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போகிற வண்டி, பிறந்த வீட்டில் ஒயின் புட்டியும் முட்டைகோஸும் ஏற்றிக்கொண்டு இருக்கிறது.

இந்த ஊரின் சாமி சாந்தா ஃபீனா, ஒரு சின்னப் பெண். பத்து வயதில் நோயில் விழுந்து, மெத்தை வேண்டாம் என்று ஒரு மரப்பலகையிலேயே ஐந்து வருடம் படுத்துக் கிடந்து, 1253 மார்ச் 12 அன்று இறந்துபோனாள். அன்றைக்குக் கோபுரங்களில் மஞ்சள் பூக்கள் பூத்தன என்பது ஐதீகம். பெரிய கோயிலில் அவளுக்குத் தனிச் சன்னிதி. சுவரில் கிர்லாந்தாயோ வரைந்த இரண்டு ஓவியங்கள்: ஒன்றில் அவள் பலகையில் கிடக்கிறாள், மற்றதில் அவள் இறுதிச் சடங்கு, பின்னால் இந்த ஊர்க் கோபுரங்கள். மைக்கலாஞ்சலோ சிறுவனாகப் பயிற்சிக்குச் சேர்ந்தது இவரிடம்தான். ஞாயிறு காலை பூசை நேரம் என்பதால் பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் உள்ளே விடுகிறார்கள். நாங்கள் கடைசியாக நுழைந்தவர்களோடு நுழைந்தோம்.

கதையைச் சொல்லி முடித்ததும் அம்மா, "நம்ம பக்கமா இருந்தா இவளுக்கு ஒரு கோயில் கட்டியிருப்பாங்க" என்றார்.

"கட்டித்தாம்மா இருக்காங்க. அதுலதான் நிக்கிறோம்."

நகராட்சி அரண்மனையில் இத்தாலியக் கவிஞர் தாந்தே தூதராக வந்து பேசியதாகச் சொல்லும் மண்டபம் இருக்கிறது. அதன் சுவரில் லிப்போ மெம்மி 1317-ல் வரைந்த பெரிய ஓவியம்: பந்தலுக்குக் கீழே சிம்மாசனத்தில் மேரி, மடியில் குழந்தை, இரு பக்கமும் வரிசையாகப் புனிதர்கள். அதன் எதிரே பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே டிக்கெட்டில் 54 மீட்டர் உயர 'பெரிய கோபுரம்' ஏறலாம், 1311-ல் முடிந்தது. அகலமான இரும்புப் படிகள், மேலே போகப் போகக் குறுகும், கடைசித் துண்டு ஏணி. நான் மட்டும் ஏறினேன். முழங்கால் சரியில்லாதவர்கள் காசு செலவில்லாமல் இதற்கு ஈடான காட்சி பார்க்க வழி இருக்கிறது: ஊரின் மேற்கு ஓரத்தில் இடிந்த கோட்டை, 'ரோக்கா' என்று கேட்டால் காட்டுவார்கள். அங்கே ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்து அம்மா கோபுரங்களை எண்ணினார். முதலில் பதினொன்று, அப்புறம் பதிமூன்று. பதினான்காவது எது என்று இரண்டு நாள் என்னோடு சண்டை.

திங்கட்கிழமை, ஃபெரியாலே வரிசையில் போட்டிருந்த நிமிடத்துக்குப் பேருந்து வந்தது. சியெனாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சில வண்டிகள் நேராகப் போகும், சிலவற்றில் பொஜ்ஜிபோன்சியில் மாற வேண்டும். ரயிலிலும் போகலாம், ஆனால் சியெனா ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே வர எதிரிலுள்ள கடை வளாகத்துக்குள் நகரும் படிக்கட்டுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன, அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பேருந்து கிராம்ஷி சதுக்கத்தில், மேட்டிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து நடு ஊர் பத்து நிமிடம், அம்மா நடையில் இருபது.

காம்போ என்கிற நடுச் சதுக்கத்துக்கு ஒரு சந்து வழியாக இறங்கினோம். சிப்பியைக் கவிழ்த்து வைக்காமல் மல்லாத்தி வைத்தது மாதிரி, செங்கல் பாவிய பெரிய சரிவு. வெள்ளைக் கல் கோடுகள் அதை ஒன்பது பாகமாகப் பிரிக்கின்றன. 1287 முதல் 1355 வரை ஊரை ஆண்ட ஒன்பதுபேர் குழுவின் நினைவாக ஒன்பது. சுற்றியுள்ள கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்தால் காப்பிக்கு மூன்று மடங்கு விலை. கல்லாவுக்கு எதிரே நின்று குடித்தால் ஒன்றரை யூரோவுக்குள். இத்தாலி முழுக்க இதே கதைதான்: நிற்பவனுக்கு ஒரு விலை, உட்காருபவனுக்கு ஒரு விலை. காம்போவில் உட்கார நாற்காலியே தேவையில்லை, எல்லோரும் செங்கல் தரையில்தான் சாய்ந்து கிடக்கிறார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். எழுந்திருக்கும்போது சரிவில் அம்மாவுக்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கீழ்ப்பக்கத்தில் அரண்மனை. உள்ளே போய் ஒரு மண்டபத்தில் திரும்பியதும் அம்மா நின்றுவிட்டார். "இதைத்தான அங்க பாத்தோம்?"

அதே பந்தல், அதே சிம்மாசனம், அதே வரிசை. சிமோனே மார்த்தீனி வரைந்தது, 1315. சான் ஜிமிஞானோவில் நாங்கள் பார்த்தது இதைப் பார்த்து இரண்டு வருடம் கழித்து வரைந்தது. மார்த்தீனி பிற்பாடு லிப்போ மெம்மியின் சகோதரியையே கட்டிக்கொண்டார். பெரிய ஊரின் மாப்பிள்ளை வரைந்ததைப் பார்த்துச் சின்ன ஊரில் மச்சான் வரைந்திருக்கிறார். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பட்டுப்புடவை பாத்துட்டு வந்து, அதே டிசைன்ல நெய்யச் சொல்ற மாதிரி" என்று சொல்லி, எது எங்கே வித்தியாசம் என்று தேட ஆரம்பித்துவிட்டார். நேராக சியெனாவுக்கு வந்திருந்தால் இந்தச் சுவரை இரண்டு நிமிடத்தில் கடந்திருப்போம். ஆயிரம் ஓவியம் இருக்கிற ஊரில் எதைப் பார்ப்பது என்றே தெரியாது. சின்ன ஊரில் ஒன்றை மட்டும் ஆறஅமரப் பார்த்துவிட்டு வந்ததால், இங்கே கண்ணுக்கு ஒரு பிடி கிடைத்தது.

அடுத்த மண்டபம் இன்னும் பெரிய விஷயம். அம்ப்ரோஜோ லொரென்சேத்தி 1338-39-ல் வரைந்தது: ஒரு சுவரில் நல்லாட்சி நடக்கும் ஊர், எதிர்ச் சுவரில் கெட்ட ஆட்சி. நல்ல ஊரில் செருப்புக் கடை, பாடம் நடத்தும் ஆசிரியர், கைகோத்து ஆடும் கூட்டம், கூரை மேல் நின்று வேலை செய்யும் கொத்தனார். மதிலுக்கு வெளியே வயல், கழுதை, சந்தைக்கு ஓட்டி வரும் பன்றி, அதன் முதுகில் வெள்ளைப் பட்டை. அந்த ஜாதிப் பன்றியை இன்றும் இங்கே வளர்க்கிறார்கள். இவ்வளவுக்கும் மேலே பாதுகாப்பு தேவதை பறக்கிறாள், கையில் தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். ஒன்பதுபேர் கூடிய மண்டபமே இதுதான். பதவி இரண்டு மாதம்தான், அந்த இரண்டு மாதமும் அரண்மனைக்குள்ளேயே தங்க வேண்டும். "நல்ல ஏற்பாடு" என்றார் அம்மா. வேறு எதுவும் சொல்லவில்லை.

இதையெல்லாம் வரைந்து பத்து வருடம்கூட ஆகவில்லை, 1348-ல் கொள்ளைநோய் வந்தது. லொரென்சேத்தியும் அதில்தான் போயிருப்பார் என்கிறார்கள். சியெனாவின் பேராலயத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்போது இருக்கும் பிரம்மாண்டமான கோயிலையே சிலுவை வடிவத்தின் குறுக்குக் கையாக வைத்து, அதைவிடப் பெரிய ஒன்றை எழுப்ப 1339-ல் ஆரம்பித்தார்கள். நோயும் அதற்குப் பின் வந்த பணமுடையும் நிறுத்திவிட்டன. ஒரு தனிச் சுவர் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அதன் உச்சிக்கு ஏறலாம், குறுகலான சுருள் படி, சிறு சிறு குழுவாக விடுகிறார்கள். நான் ஏறினேன், அம்மா கீழே அருங்காட்சியகத்தில் தூச்சோவின் பலகை ஓவியத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். 1311 ஜூனில் அந்த ஓவியத்தை ஓவியர் வீட்டிலிருந்து கோயிலுக்கு ஊர்வலமாக எடுத்துப் போயிருக்கிறார்கள், கடையெல்லாம் அடைத்து, மணியடித்து. அவரும் மேரியைத்தான் வரைந்திருக்கிறார். "மூணாவது" என்று எண்ணிவைத்திருந்தார் அம்மா.

சான் ஜிமிஞானோவும் அதே நோயில் நொடித்து, 1353-ல் ஃப்ளாரன்ஸுக்குப் பணிந்தது. சியெனா நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1555-ல் விழுந்தது. பணம் இருந்திருந்தால் இரண்டு ஊரையும் இடித்து இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். கையில் காசில்லாததால் நமக்கு மிஞ்சியது என்பது என் கணக்கு.

பேராலயத்தின் தரையைப் பற்றி ஒரு வார்த்தை. 56 பளிங்குப் பலகைகளில் கோட்டுச் சித்திரங்கள். காலடி பட்டுத் தேயும் என்பதால் வருடத்தின் பெரும்பகுதி முக்கியமானவற்றை மூடி வைத்திருப்பார்கள். கோடையின் ஒரு பகுதியிலும், ஆகஸ்டு பிற்பகுதியிலிருந்து அக்டோபர் நடு வரையிலும்தான் வழக்கமாகத் திறப்பது. நாங்கள் போனது அக்டோபர் இரண்டாம் வாரம், தப்பித்தோம். தேதியைப் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள். கோயில், அருங்காட்சியகம், உச்சிச் சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாள் செல்லும் ஒரே டிக்கெட் இருக்கிறது. நாங்கள் திங்கள் பாதி, செவ்வாய் பாதி என்று பிரித்துக்கொண்டோம். தோள் மூடிய உடை வேண்டும். அம்மாவின் புடவைக்குப் பிரச்சினையே இல்லை, என் மேல்சட்டைக்குத்தான் அவருடைய சால்வை தேவைப்பட்டது.

சியெனாவின் தெருக்களில் நத்தை, கம்பளிப்புழு, வாத்து, முள்ளம்பன்றி என்று சுவர்களில் சின்னச் சின்ன ஓடுகள் பதித்திருப்பதைக் கவனியுங்கள். ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், கொடி, கோயில், குழந்தைகளுக்குப் பெயர் சூட்டும் நீரூற்று. எந்தச் சந்தோடு எந்தப் பேட்டை முடிகிறது என்பதை 1729-ல் எழுதியே வைத்துவிட்டார்கள். ஜூலை 2, ஆகஸ்டு 16 ஆகிய இரண்டு நாளும் காம்போவில் மண் கொட்டிக் குதிரைப் பந்தயம். 10 குதிரை, சேணம் கிடையாது, மூன்று சுற்று, ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சவாரிக்காரன் விழுந்துவிட்டாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றிதான். நடுவில் நின்று பார்க்கக் காசு இல்லை. ஆனால் பல மணி நேரம் முன்பே போய் வெயிலில் நிற்க வேண்டும், நடுவில் வெளியே வர முடியாது. வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகையும் அப்போது தொடமுடியாது.

சாப்பாடு. அம்மா சைவம். 'சென்சா கார்னே' என்றால் இறைச்சி இல்லாமல் என்று மனப்பாடம் செய்து போயிருந்தேன். ஒரு உணவகத்தில் அதைச் சொல்லி வாங்கிய பயறு சூப்பில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் மிதந்தன. பரிமாறியவருக்கு அது இறைச்சிக் கணக்கில் வரவில்லை, வாசனைக்குப் போட்டது. அதற்குப் பிறகு 'வெஜெதாரியானா' என்று சொல்லி, கொழுப்பு, மீன், இறைச்சி வேகவைத்த நீர் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டோம். பூண்டும் தக்காளியும் போட்ட 'பீச்சி' அம்மாவுக்கு ஒத்துப்போனது. கையால் உருட்டிய தடிமனான நூடுல்ஸ், இடியாப்பத்துக்குப் பெரியப்பா. டஸ்கனி ரொட்டியில் உப்பு இருக்காது, சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ரசீதில் 'கோபெர்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், ரொட்டிக்கும் மேசைக்குமான கட்டணம், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மதியம் இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிட்டால் ராத்திரி ஏழரை வரைக்கும் சமையல் கிடையாது. நம்மைப் போல் நாலு மணிக்கு வயிறு கேட்கிறவர்கள் பையில் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும். சியெனாவில் பாதாமும் பழமும் தேனும் மசாலாவும் சேர்த்த 'பான்ஃபோர்த்தே' கிடைக்கும், ஒரு துண்டு இரண்டு பேருக்குப் போதும்.

கார் எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச அனுமதிச் சீட்டும் வேண்டும். அதைவிட முக்கியம், பழைய ஊர்களின் வாசலில் 'சேட்டா-தி-எல்லே' பலகை இருக்கும், சிவப்பு வட்டம், வெளி வண்டி உள்ளே போகக் கூடாது என்று பொருள். அதைத் தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும். என் நண்பர் ஒருவருக்கு ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து அபராதம் வந்தது. ஒரே காலையில் வழி தெரியாமல் இரண்டு முறை உள்ளே போய் வந்ததால் இரண்டு அபராதம், அதற்கு மேல் வாடகை நிறுவனம் அவர் முகவரியைக் கொடுத்ததற்கு ஒரு கட்டணம். பேருந்தே போதும், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பார்த்துக்கொண்டால்.

புதன்கிழமை காலை கிளம்பினோம். வீட்டுக்காரம்மாவின் அண்ணன் மகன் பெட்டியை வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தான். பனி இன்னும் விலகவில்லை, கோபுரங்களின் பாதிதான் தெரிந்தது, எண்ண முடியாது என்று அம்மாவுக்கு வருத்தம். நிறுத்தத்துப் பெஞ்சில் தொப்பித் தாத்தா, காலடியில் நாய். எங்களைப் பார்த்ததும் எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டார். பிறகு அட்டவணைப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஃபெரியாலே" என்றேன், மண்வெட்டியால் வெட்டிக் காட்டியபடி.

"பிராவா" என்றார். பேருந்து நாலு நிமிடம் தாமதமாக வந்தது.